வேலூரில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க: மாவட்ட மைய நூலகமா, மாத வாடகை ஸ்டடி ஹாலா?

தனி மேஜை, பிளக் பாயின்ட், வைஃபை, ஏசி, இரவிலும் அனுமதி. ஸ்டடி ஹாலில் காசு கொடுத்தால் கிடைப்பவை இவை. வேலூர் கத்திரி வெயிலில் ஏசி சின்ன விஷயமில்லை. வேலை முடிந்து இரவில்தான் புத்தகத்தைத் தொட முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.

பகலில் நேரம் கிடைக்கிற குரூப் 2, குரூப் 4 ஆட்களுக்கு என் ஓட்டு மாவட்ட மைய நூலகத்துக்குத்தான். காசு மிச்சம் என்பது தெரிந்த கதை. 1948 பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு முக்கியம் அலமாரி.

நம் பொது நூலகங்களில் பெரும்பாலும் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறைதான், அதாவது பாடத்துக்கு ஒரு குறியீடு கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் முறை. புத்தக முதுகுச் சீட்டில் ‘யூ’ என்றால் புவியியல், ‘வி’ வரலாறு, ‘டபிள்யூ’ அரசியல், ‘எக்ஸ்’ பொருளாதாரம். தமிழ் இலக்கியம் ‘ஓ31’. பாதிப் பாடத்திட்டம் அங்கே வரிசையாக நிற்கிறது. வேலூர்ப் புரட்சிக்கு கைடில் ‘1806 ஜூலை 10’ என்று ஒரு வரி இருக்கும். தலைப்பாகை உத்தரவு எந்தத் தளபதியுடையது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தது யார், அப்போது ஆளுநர் யார் என்று பொருத்தச் சொன்னால் அந்த வரி கை கொடுக்காது. ‘வி’ அலமாரியில் நல்ல வரலாற்று நூல் ஒன்றை எடுத்தால் தளபதி கிராடாக், குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, ஆளுநர் பென்டிங்க் மூவரும் ஒரே அத்தியாயத்தில் வந்துவிடுவார்கள். சந்தேகம் வந்த நிமிடமே எழுந்துபோய்ப் பார்க்கும் இந்த வசதிக்கு ஏசி ஈடாகாது.

ஆனால் பதிப்பாண்டைப் பார்க்காமல் குறிப்பெடுக்காதீர்கள். 2019 மாவட்டப் பிரிவினைக்கு முந்தைய புத்தகத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, அரக்கோணம் எல்லாமே வேலூர் மாவட்டம்தான். இன்று முதல் இரண்டும் திருப்பத்தூரில், மற்றவை ராணிப்பேட்டையில். நடப்பு நிகழ்வுகளுக்கு நாளிதழ் பகுதிதான் சரி.

குறிப்புதவி நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், நோட்டோடு போங்கள். இரவல் எடுக்க உறுப்பினராக வேண்டும். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும், ஆண்டுச் சந்தா கிடைக்காது. சொந்தப் புத்தகத்தை எந்தப் பகுதிக்குள் கொண்டுபோகலாம் என்று முதல் நாளே நூலகரிடம் கேட்டுவிடுங்கள். அதில்தான் பலரும் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். விடை எழுதிப் பழக நீண்ட நேரம் ஒரே மேஜை வேண்டும்.

ஸ்டடி ஹால்தான் என்று முடிவானால் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். சாதாரண இன்வெர்ட்டர் லைட், ஃபேனைத்தான் தாங்கும், ஏசியைத் தாங்காது. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.