இலையின் நீரளவு: மின்தடையா, மின்தேக்குத்திறனா, மின்மறுப்பா?

செடியைச் சிதைக்காமல் அதன் நீரளவை மின்சாரத்தால் அறிய மூன்று வழிகள் உண்டு. மூன்றுமே நீரை நேரடியாக அளப்பதில்லை. அயனிகளும் இலையின் தடிமனும் வெப்பமும் அளவில் கலந்தே வரும். எந்த வழியில் எந்தக் கலப்பு அதிகம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு ஊசிகளைக் குத்தி நேர்மின்னோட்டத்தில் தடையைப் பார்ப்பதே மலிவான முறை. உலர்ந்த மரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்: ஈரப்பதம் 7 சதவீதமாக இருக்கையில் பல்லாயிரம் மெகாஓம் காட்டும் பலகை, 25 சதவீதத்தில் ஒரு மெகாஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் தடை அதிகம் மாறுவதில்லை. உயிருள்ள தண்டு எப்போதும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கும். போதாததற்கு, மின்முனைகளில் அயனிகள் குவிவதால் எண் நொடிக்கு நொடி நகரும். செடி வாடும்போது சாற்றில் உப்பு செறிவதால், நீர் குறைந்த அளவுக்குத் தடை ஏறவும் ஏறாது. பச்சைச் செடிக்கு இந்த முறை வேண்டாம்.

மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், நீருக்கு இன்னும் நெருக்கமானது. இரு தகடுகளுக்கிடையே உள்ள பொருள் தேக்குத்திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்பதே மின்காப்பு மாறிலி. 20°C-இல் நீருக்கு அது 80. காற்றுக்கு 1, உலர்ந்த இலைப்பொருளுக்கு ஒற்றை இலக்கம். இலையை இரு தகடுகளுக்கிடையே கவ்வினால் போதும், குத்த வேண்டியதில்லை. ஆனால் பலரும் கோட்டை விடுவது தகட்டின் காப்புப் படலத்தில்தான். 1 சதுர செ.மீ. தகடு, 0.3 மி.மீ. இலை, மாறிலி 40 என்று வைத்தால் இலைக்கு மட்டும் ஏறத்தாழ 118 பிகோஃபாரட் (தேக்குத்திறனின் அலகு). காப்புக்காக இருபுறமும் 50 மைக்ரான் பாலிஇமைடு பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் அந்தப் படலங்களின் 30 பிகோஃபாரட் தொடரிணைப்பில் சேர்ந்து, மொத்தம் 24 ஆகிவிடும். இலையின் தேக்குத்திறன் 20 சதவீதம் குறைந்தாலும் கருவியில் 5 சதவீதம்தான் தெரியும். படலத்தை 12.5 மைக்ரானாக்கினால் அதே மாற்றம் 11 சதவீதமாகத் தெரியும். இன்னொரு பொறி: வாடும் இலை மெலிகிறது, தகடுகள் நெருங்குகின்றன, தேக்குத்திறன் ஏறி நீரிழப்பை மறைக்கிறது. எனவே தடிமனையும் கூடவே அளக்க வேண்டும், கவ்வும் அழுத்தம் மாறாதிருக்க வேண்டும், பனித்துளியை ஒற்றி எடுக்க வேண்டும், நடுநரம்பைத் தவிர்க்க வேண்டும். அதிர்வெண் குறைந்தது 1 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அயனிகளின் குறுக்கீடு மிகும்.

மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் மொத்த எதிர்ப்பே மின்மறுப்பு. இந்த முறையில் ஒரே இடத்தைப் பல அதிர்வெண்களில் அளக்கிறோம். சில கிலோஹெர்ட்ஸ் வரை மின்னோட்டம் செல்களைச் சுற்றிப் போகும். நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் சவ்வுகளைக் கடந்து உள்ளேயும் பாயும். இரண்டின் விகிதம் செல்லுக்கு உள்ளும் வெளியும் உள்ள நிலையைப் பிரித்துக் காட்டும். தண்டைப் பல நாட்கள் தொடர்ந்து கவனிக்க இதுவே சிறந்தது.

நான்கு ஊசிகள் வையுங்கள்: வெளி இரண்டும் மின்னோட்டத்துக்கு, உள் இரண்டும் மின்னழுத்தத்துக்கு. தொடுமுனைத் தடை பெரும்பாலும் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆனால் மின்மறுப்பை அளக்கும் ஏடி5933 (AD5933) சில்லு இரண்டு முனைகளுக்கானது. அதன் வெளியீட்டில் நேர்மின்னழுத்தமும் கலந்திருக்கும். தொடரில் ஒரு மின்தேக்கி வைக்காவிட்டால் மின்முனைகளில் அயனிகள் குவியும் பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும். குத்திய காயம் ஆறும்வரை கிடைக்கும் அளவுகளை ஒதுக்குங்கள்.

வெப்பம் இங்கே பெரிய எதிரி. சாற்றின் கடத்துதிறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். நீரின் மின்காப்பு மாறிலியோ அரை சதவீதத்துக்கும் குறைவு. காலைக்கும் நண்பகலுக்கும் 10°C வித்தியாசம் என்றால், வறட்சியே இல்லாமல் 20 சதவீத மாற்றம் தெரியும். ஊசிக்கு அருகிலேயே வெப்ப உணரி இருக்கட்டும்.

எந்த முறையானாலும் ஒப்புநோக்க எடை வேண்டும். இலையைப் பறித்தவுடன் ஒரு எடை, நீரில் ஊறி நிறைந்தபின் ஒரு எடை, 70 முதல் 80°C-இல் எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை உலர்த்தியபின் ஒரு எடை. பச்சை எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, அதை நிறைவு எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சார்பு நீரளவு கிடைக்கும். இளம் இலைக்கும் முதிர்ந்த இலைக்கும் கருவி காட்டும் எண்ணைச் சார்பு நீரளவோடு பொருத்தும் கோட்டைத் தனித்தனியாக வரையுங்கள்.