ஒரே பாட்டு, இரண்டு இரைச்சல்

அமெரிக்க ராப் குழுவான பப்ளிக் எனிமியின் 'பிரிங் த நாய்ஸ்' பாட்டு 1987-ல் வந்தது. கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் குரல் துணுக்கோடு தொடங்கும். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த டிரம்ஸ் மேல் கிறீச்சிடும் ஒலிகள் அடுக்கடுக்காக ஏறும். நடுவே குழுவின் ராப்பர் சக் டி மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவார். ஆந்த்ராக்ஸ் என்ற ஹெவி மெட்டல் ராக் குழுவின் பெயரும் ஒரு வரியில் வரும்.

அந்தக் குழுவே 1991-ல் இந்தப் பாட்டைக் கையிலெடுத்தது, அதுவும் சக் டியையே கூட வைத்துக்கொண்டு. கிதாரும் டிரம்ஸும் இடியாய் இறங்குகின்றன. கிதார் கலைஞர் ஸ்காட் இயனும் ராப் செய்கிறார் (சுமார்தான், ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை). குதித்து ஆட இதுதான் சரி. ஆனால் எந்த ஒலி எங்கிருந்து பாயும் என்று தெரியாத அந்தப் பதற்றம் மூலத்தில் இருக்கிறதே, அது கிதாரில் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஹெட்போன் மாட்டினால் நான் போடுவது 1987-தான்.