வார்டு நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்புகிற விதம்தான் சரியில்லை

எனக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு இளைக்கிற நுரையீரல் நோய். பீடி, சிகரெட்டால் வந்ததில்லை. கொழிஞ்சாம்பாறையில் விறகடுப்பு வைத்து இட்லிக்கடை நடத்தியதில் கிடைத்த சொத்து. கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு வீச ஆரம்பித்தால் இளைப்பு ஏறிவிடும். அப்படிப் போய்ப் படுத்த ஒரு மருத்துவமனையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உள்ளே இருக்கும்வரை குறை சொல்ல முடியாது. போனதுமே நெபுலைசர் வைத்தார்கள். ஆக்சிஜனைக் கூட்டி வைக்கச் சொல்லி என் மகன் சண்டைக்கே போய்விட்டான். இந்த நோய்க்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88லிருந்து 92 சதவீதம் வரை இருந்தால் போதும், அதற்குமேல் ஏற்றினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிடும் என்று டியூட்டி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கஞ்சியும் பயறும்கூட வாய்க்கு ருசியாக இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் ஒரே ஓட்டம். பில் கட்டி முடிப்பதற்குள் அடுத்த ஆள் கட்டிலுக்கு வந்து நிற்கிறார். கையில் ஆங்கிலச் சம்மரி, ஒரு பை மருந்து, "ராவிலெயும் வைகிட்டும்" (காலையும் மாலையும்) என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை. கேப்சூல் மருந்துப் பொடியை வாயால் உறிஞ்சுகிற ரோட்டாஹேலரை எப்படி இழுப்பது என்று யாரும் செய்து காட்டவில்லை. மாதம் முடிவதற்குள் மறுபடி அதே வார்டு. "மருந்து ஒழுங்கா எடுக்கலையாம்மா?" என்ற கேள்வி வேறு. எடுத்தேன், அது தொண்டையோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டில் பெரியவரும் திரும்பி வந்தவர்தான். "ராத்திரி மூச்சு முட்டினா வீட்ல யாரைக் கூப்பிடுறது? இங்க பெல் அடிச்சா சிஸ்டர் வருவாங்க" என்றார். இதை யாரும் சம்மரியில் எழுதுவதில்லை.

கடைசியில் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஊர்ப்பக்கம் அரசு குடும்ப ஆரோக்கிய மையத்தின் ஸ்வாஸ் என்கிற மூச்சுநோய் கிளினிக்தான். அங்கே இருந்த சிஸ்டர் என்னையே இழுக்கவைத்துப் பார்த்தார். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், உதட்டை இறுக்கி வேகமாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கேப்சூலில் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு. அப்புறம் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். படி ஏறி மூச்சு வாங்கினால், விளக்கு அணையாமல் சுடர் மட்டும் ஆடுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டுமாம். அதில் இளைப்பு அடங்குகிறது.

அமெரிக்காவில் இந்த நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு அந்த மருத்துவமனைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்குமாம், 2014 அக்டோபரிலிருந்து. மகன் சொன்னான். இங்கே திரும்பி வந்தால் பில் நமக்குத்தான்.

நான் படுத்திருந்த அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள், சிஸ்டரைப் பிடித்து நிறுத்தி, ஒரு தடவை இழுத்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வார்டுக்கு நாலு நட்சத்திரம். டிஸ்சார்ஜுக்கு ஒன்று, அதுவும் வாசல்வரை வீல்சேர் தள்ளிவந்த அண்ணனுக்காக.