சாட்ஸ்வொர்த் கணக்கு டியூஷன்: மார்க்கில் மட்டும் கஞ்சம்

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் மகளை, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கணக்கு டியூஷனில் சேர்த்திருக்கிறோம். பள்ளியில் 85 வாங்குபவளுக்கு இங்கே 61. விடை சரிதான், படிகளைக் காணோம் என்று சார் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். அவள் பாட்டிக்கு ஒரே கோபம். எனக்குத் திருப்தி.

கணக்கில் பள்ளி மதிப்பீட்டுக்கு 25 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 75. அந்த 25-ஐயும், தேர்வுகளின் தரம் பார்க்கும் அமைப்பான உமலுசி அப்படியே ஏற்பதில்லை. பள்ளி மதிப்பீட்டின் சராசரி, தேர்வுச் சராசரியைவிட ரொம்ப மேலே நின்றால், அந்தப் பாடத்தில் பள்ளிக்கே மார்க்கை இறக்கிவிடுவார்கள். தாராளமாகப் போட்டு என்ன பயன்? இதைப் பெற்றோருக்கு முதல் நாளே விளக்கிவிட்டார் சார்.

அறை நெருக்கடி, மின்விசிறி ஒன்றே ஒன்று. ஃபீஸும் கொஞ்சம் கூடத்தான். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுத வைப்பதற்காகக் கொடுக்கலாம்.