மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்: போர்ஷே 718 கேமனில் அது தேயும் விதம்

போர்ஷே 718 கேமனில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரைப் போட்டு ஓட்டுபவர்களின் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்தால், அவர்கள் இரு வேறு டயர்களைப் பற்றி எழுதுகிறார்களோ என்ற ஐயம் எழும். ஒருவர் நன்றாக உழைக்கிறது என்பார். மற்றொருவர், நடுவில் டிரெட் (சாலையைத் தொடும் வரிப்பள்ள ரப்பர்) பாதிகூடத் தேயாதபோதே பின் டயரின் உள் ஓரத்தில் கம்பி தெரிந்துவிட்டது என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சக்கரங்கள் எந்தக் கோணங்களில் நிற்கின்றன, ஸ்டீயரிங் எப்படிப்பட்ட கைகளில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த டயரின் ஆயுளுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதே, இங்கிலாந்துச் சாலைகளிலும் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்திலும் இதை ஓட்டிவரும் என் கருத்து.

முதலில் டயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதன் வெளிப்பாதிக்கும் உள்பாதிக்கும் வெவ்வேறு ரப்பர் கலவைகளை மிஷெலின் பயன்படுத்துகிறது. வெளிப்பக்கம் உலர்ந்த சாலையில் வளைவுகளைத் தாங்கவும், உள்பக்கம் ஈரத்தில் பிடிப்புக் கொடுக்கவும் அமைந்தவை. மழையில் இது தரும் நம்பிக்கைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். அமெரிக்கத் தரக்குறியீட்டில் இதன் தேய்மான எண் 300; எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும். தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பைலட் ஸ்போர்ட் கப் 2 டயருக்கு அது 180. இந்த வகை டயருக்கு 4எஸ் நீடித்து உழைக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை.

அந்த உழைப்பை முதலில் பறிப்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்த்திசையிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து 0.2 டிகிரி மட்டும் விலகி நின்றால், அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த விலகல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில் எவ்வளவு ரப்பரைத் தின்னும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கேமனின் பின் சக்கரங்கள் வளைவில் நிலையாக நிற்க வேண்டும் என்பதற்காக அவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே நெகடிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி காரின் உள்பக்கமாகச் சாயும் கோணம், கொடுக்கப்படுகிறது. அதனால் நேர்ச்சாலையில் எடையின் பெரும்பங்கு உள் ஓரத்தில் அமர்கிறது. டோவும் பிசகியிருந்தால், எடை அமர்ந்த அதே இடத்தை அது அரம்போல் தேய்த்துவிடுகிறது. உள் ஓரத் தேய்மானத்துக்குக் கேம்பரை மட்டும் குறை சொல்பவர்கள் பலர். டோ சரியாக இருக்கும்போது மிதமான கேம்பர் இவ்வளவு சேதம் செய்வதில்லை என்பதால், நான் முதலில் டோவைத்தான் பார்க்கச் சொல்வேன்.

டயரை இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் இந்தக் காரில் வழி குறைவு. 19 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 235, பின்னால் 265 மில்லிமீட்டர் என்று அகலம் வேறுபடுவதால் முன்பின் மாற்ற முடியாது. இடவலம் மாற்றலாம், ஆனால் வெளிப்பக்கம் என்று குறிக்கப்பட்ட பக்கம் எப்போதும் வெளியேதான் இருக்க வேண்டும் என்பதால், தேய்ந்த உள் ஓரம் அங்கும் உள் ஓரமாகவே தொடரும். பிரிட்டிஷ் சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழத்தை டிரெட்டின் நடு முக்கால் அகலத்தில்தான் கேட்கிறது. ஆழமானியை நடுவில் வைத்துப் பார்த்து நிம்மதியடைபவர்கள் தயவுசெய்து குனிந்து, பின் டயர்களின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

தடத்தில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே முன் டயர்களின் வெளி ஓரம்தான் முதலில் போகிறது, ஏனெனில் முன் சக்கரங்களுக்குத் தொழிற்சாலை தரும் கேம்பர், கார் சாயும் அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. இதே காரின் தடத்துக்கேற்ற ஜிடி4 மாதிரியில் முன் கேம்பரைத் தகடுகள் வைத்துக் கூட்டிக்கொள்ளும் வசதி இருப்பது இதற்காகத்தான். பிராண்ட்ஸ் ஹாட்ச் வலஞ்சுழியாக ஓடும் தடம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடுதலாகத் தேயும். இடவல மாற்றம் இங்கேதான் பயன்படும்.

ஓட்டுநரின் பங்கைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரே வளைவில் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் பக்கவாட்டு விசை 21 சதவீதம் உயர்கிறது. டயர் சறுக்கும் கோணமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுவதால், ரப்பரில் வீணாகும் ஆற்றல் ஏறத்தாழ 46 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது நிலைமை இதைவிட மோசமாகும். பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் வலப்பக்கம் திரும்பும் பேடாக் ஹில் வளைவில் கார் சரிவில் இறங்கும்போது முன்பக்கம் வெளியே தள்ளுவதை உணர்ந்தும் ஸ்டீயரிங்கை மேலும் திருப்புபவர், காரைத் திருப்பாமல் இடது முன் டயரின் வெளி ஓரத்தைத்தான் உரித்தெடுக்கிறார். பிரேக்கைப் படிப்படியாக விட்டு, ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, அதை நேராக்கும் அளவுக்கேற்ப ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுபவர், சுற்று நேரத்தில் பெரிதாக எதையும் இழக்காமல் அந்த ரப்பரைக் காப்பாற்றிவிடுவார்.

காற்றழுத்தம் தனியாகக் கவனிக்கத்தக்கது. 20 டிகிரி செல்சியஸில் 2.1 பார் நிரப்பிய டயர், உள்ளிருக்கும் காற்று 80 டிகிரிக்குச் சூடேறினால் 2.7 பாரை எட்டும். தடத்தில் சூடான நிலையில் அளந்து குறைத்துக்கொண்டு, வீடு திரும்பும் முன் குளிர்ந்த டயரில் மீண்டும் நிரப்ப வேண்டும்.

புதிய டயருக்குப் பணம் கொடுக்கும்போதே, இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் நான்கு சக்கர அலைன்மென்ட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்சிட்ட தாளைத் தரும், சஸ்பென்ஷன் புஷ்களின் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகளின்) தளர்ச்சியைப் பார்த்த பிறகே கோணத்தைத் தொடும் கடையைத் தேர்ந்தெடுங்கள். தளர்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு சரிசெய்த டோ, முதல் பிரேக்கிலேயே மாறிவிடும்.

சாலையில் அதிகமும் தடத்தில் அவ்வப்போதும் ஓட்டுபவருக்குப் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மாதந்தோறும் தடத்துக்குப் போகிறவர் கப் 2 டயரையும், முன் கேம்பரைக் கூட்டும் பாகங்களையும் சேர்த்தே வாங்கட்டும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் அதன் பிறகு அலைன்மென்ட்டை மீண்டும் பார்க்க வேண்டும்.