பம்ப் குழாய் மாற்றிய கையோடு: எங்கள் ரத்த ஸ்மியர் ஸ்டெயினர் பற்றி

பம்ப் குழாய் மாற்றி எங்கள் ஸ்டெயினர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தத்துக்கு (இதுதான் ஸ்மியர்) நிறமேற்றும் மெஷின், ஒருவழியாக மறுபடி ஓடுகிறது. அதே வாரத்தில் இன்னொரு கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஜூனியர் ஒருத்தி போன் செய்து, "சார், கிராண்ட் வந்திருக்கு, விலையும் இறங்கியிருக்காம், ஸ்மியர் போடுற மெஷின், ஸ்டெயின் பண்ற மெஷின் ரெண்டையும் வாங்கிடலாமா?" என்று கேட்டாள். குழாய்க்கான பில் மேஜையில் கிடந்த நேரம். போனில் நான் சொன்னதில் பாதி வெறும் திட்டு. அதனால் நிதானமாக ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகை மெஷினைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லைடுகளை வரிசையாகச் செருகினால் திருகு கன்வேயர் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போகும். ரத்தம் இருக்கும் பக்கம் கீழே பார்த்திருக்கும். பிளாட்டன் தட்டுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் முதலில் ஸ்டெயின் என்ற சாயம் ஏறும், அப்புறம் பிஹெச்சை (அமில, காரத் தன்மையை) நிலையாக வைக்கும் பஃபர் கரைசல், அப்புறம் கழுவும் திரவம். கடைசியில் காற்றில் காய்ந்து தட்டில் வந்து விழும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. நிறம் பிரமாதம். குடற்புழு ஆராய்ச்சிக்கு வெள்ளாடுகளை எடுத்துக்கொண்டு 0, 7, 14, 21 நாட்களில் ரத்தம் எடுக்கிறோம் என்று வையுங்கள். கையால் லீஷ்மான் சாயம் போட்டால் முதல் வாரத்து ஸ்லைடு ஊதா, அடுத்த வாரம் ரோஸ், மூன்றாவது வாரம் டெக்னீசியன் லீவு, வேறு ஒருவர் போட்டதில் எல்லாமே சாம்பல். இதை வைத்துக்கொண்டு ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடியதா குறைந்ததா என்று சண்டை போட்டிருக்கிறோம். மெஷின் வந்தபிறகு அந்தச் சண்டை நின்றது. ஈசினோஃபில் துகள்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பில், இன்னொரு வெள்ளையணுவான லிம்போசைட்டில் கருவைச் சுற்றி வெளிர்நீலம், எந்த நாள் எடுத்தாலும் அதே நீலம். ஆட்டின் சிவப்பணு மூன்று நான்கு மைக்ரான்தான், நாயின் சிவப்பணு ஏழு மைக்ரான், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவ்வளவு சிறிய செல்லில் நிறம் சொதப்பினால் பார்க்க எதுவும் மிஞ்சாது. கேமராவில் படம் எடுத்து மென்பொருளை எண்ணவிடுகிறவர்களுக்கு இந்த ஒரே மாதிரி நிறம் இன்னும் பெரிய விஷயம்.

சரி, இப்போது புள்ளிகள்.

மெஷின் சில நாள் சும்மா இருந்தால் குழாயிலும் பிளாட்டனிலும் ஸ்டெயின் காய்ந்துபோகும். அடுத்தமுறை ஓட்டும்போது அந்தத் துகள்கள் ஸ்லைடில் வந்து உட்காரும். கருநீலப் புள்ளிகள், ஒரு மைக்ரானும் அதற்குக் குறைவாகவும். மனித ரத்தம் பார்க்கும் மருத்துவமனையில் இதை ஒரு அழுக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். மாட்டு ரத்தம் பார்க்கிற எங்களால் முடியாது, ஏனென்றால் மாட்டின் சிவப்பணுவுக்குள் வாழும் அனபிளாஸ்மா மார்ஜினாலே என்ற நோய்க்கிருமி பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும்: சிவப்பணுவின் ஓரத்தை ஒட்டிய ஒரு கரும்புள்ளி. இந்தப் புள்ளி பெரிய ஆட்களையே குழப்பியது. 1893-இல் மாடுகளுக்கு வரும் டெக்சாஸ் காய்ச்சலுக்கு உண்ணிதான் காரணம் என்று காட்டிய ஸ்மித்தும் கில்போர்னும் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் பபீசியா என்ற ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று எழுதினார்கள். அது தனி நோய் என்று பிரித்துச் சொல்ல 1910-இல் தென்னாப்பிரிக்காவில் தைலர் வரவேண்டியிருந்தது. அவர்கள் பாடு அப்படி என்றால், காய்ந்த ஸ்டெயினைத் தூவித் தரும் மெஷினோடு எங்கள் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

பிரித்துப் பார்க்க முடியாது என்று சொல்லவில்லை. ஃபைன் ஃபோகஸை மேலும் கீழும் திருப்பினால் துகள் வேறு தளத்தில் மினுக்கும், செல் இல்லாத இடத்திலும் சிதறிக் கிடக்கும், அளவும் ஒன்றுபோல இருக்காது. அனபிளாஸ்மா செல்லோடு சேர்ந்தே ஃபோகஸ் ஆகும், செல்லுக்கு வெளியே இறைந்து கிடக்காது. ஆனால் எத்தனை சதவீத செல்லில் கிருமி என்று எண்ணும்போது, எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் ஒவ்வொரு செல்லுக்கும் இப்படித் திருகிக்கொண்டிருந்தால் மெஷின் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் போய்விடுகிறது, கண்ணும் கூடவே போகிறது.

சர்வீஸ் இன்ஜினியர் நல்ல பையன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "சார், தினமும் ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது." தம்பி, தினமும் ஓட்ட எனக்கு ரத்தம் வேண்டாமா? ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை அப்படி வராது. பத்து நாள் ஒரு ஸ்லைடு கிடையாது, பதினோராம் நாள் பண்ணையிலிருந்து எண்பது ஆட்டு ரத்தம் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். இந்த மெஷினோ நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் ஸ்லைடு ஓடும் பெரிய மருத்துவமனையை மனதில் வைத்துச் செய்தது. சும்மா இருக்கும் நாளிலும் மாலையில் பிளாட்டனை மெத்தனால் நனைத்த துணியால் துடைக்கவேண்டும், குழாய்களில் மெத்தனால் ஓடவிட வேண்டும். ஒரு ஸ்லைடும் பார்க்காத நாளில் மெத்தனால் செலவு! ஸ்டெயின் பாக்கெட்டும் திறந்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் காலாவதி ஆகும். அதோடு பஃபர் பாக்கெட்டோடு வருவதால் பிஹெச்சை நாம் தொடமுடியாது. ஒட்டுண்ணி தேடுகிறவர்கள் 7.2 கேட்பார்கள், இது 6.8 பக்கமே நிற்கும். தைலேரியா என்ற ரத்த ஒட்டுண்ணி சந்தேகம் என்றால் நான் இன்னும் கையால் ஜீம்சா சாயம்தான். நிணநீர் முடிச்சு ஸ்மியரை இதில் விடவே மாட்டேன், தடிப்பாக இருந்தால் பிளாட்டனில் உரசி அடுத்த மாட்டின் ஸ்லைடிலும் செல்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்மியர் போடும் மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துளியைத் தேய்த்துப் பரப்பும் ஸ்ப்ரெடர் தள்ளும் வேகத்தை மாற்றலாம், கோணம் மாறாது. நாய் ரத்தத்துக்கு அழகாகப் போடும். ஹீமான்கஸ் என்ற வயிற்றுப் புழு உறிஞ்சி பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கிய ஆட்டு ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடும், கோணத்தை உயர்த்திச் சட்டென்று தள்ளினால்தான் ஸ்மியரின் முனை சரியாக வரும். எங்கள் டெக்னீசியன் அம்மா துளியைப் பார்த்ததுமே கையைச் சாய்த்துவிடுவார். அந்த மெஷின் இப்போது உறை போட்டு அலமாரிமேல் இருக்கிறது. காது நுனி ரத்தத்தில் ஃபீல்டிலேயே போட்டு வரும் ஸ்மியருக்கு அது எப்படியும் தேவைப்படாது.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று போஸ்ட்மார்ட்டம் சாம்பிள் அலமாரி பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள், விடாதீர்கள். அந்தச் சாம்பிள்கள் ஊறும் ஃபார்மலினின் ஆவி பட்ட ஸ்மியர் நீலப்பச்சையாக வரும், அதற்கு எந்த மெஷினும் பொறுப்பாகாது. ஸ்லைடில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை மெத்தனாலில் கரைந்து போய்விடும்.

நிறத்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டு என்ன சொல்லப்போகிறான் என்றால், வாங்காதே என்றுதான் அவளிடம் சொன்னேன். தினம் முப்பது நாற்பது ஸ்லைடு வரும் இடமாக இருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன், அல்லது குழாய் பில் வராத வாரத்தில் கேட்டிருந்தால். எங்கள் ஆட்டு ஆராய்ச்சியை நாளைக்கே கையால் ஸ்டெயின் பண்ணச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது வேறு விஷயம்.

அவள் எப்படியும் வாங்கிவிடுவாள், கிராண்ட் பணத்தை மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும். அப்படியானால் அவளுக்கு ஒன்று சொல்கிறேன்: பம்ப் குழாய் இரண்டு செட், வருட பராமரிப்பு ஒப்பந்தம், யுபிஎஸ் மூன்றையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடு, பின்னால் தனியாகக் கேட்டால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஸ்மியர் மெஷினைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அந்தப் பணத்தில் மைக்ராஸ்கோப்புக்கு நல்ல ஆப்ஜெக்டிவ் லென்ஸ் ஒன்று வாங்கு. ஜீம்சாவும் ஒரு பாட்டில்.