பாதி விலைக்கு வந்திருக்கும் பேர்ட் ஃபீடரும் அதன் அடியில் தங்கும் இரண்டு அங்குலமும்

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், மேலே திருகு மூடி, பக்கத்தில் நான்கு வாய், வாய்க்கு ஒரு குச்சி, கீழே சின்னத் தட்டு. பறவைகளுக்குத் தானியம் வைக்க, பெட் கடைகளில் தொங்கும் அந்த ஃபீடரின் விலை இறங்கியதும் "வாங்கிப் போடட்டுமா, சிட்டுக்குருவி வருமா?" என்று நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வரும். நாலைந்து நாள் பயந்து பயந்து சுற்றிப் பார்க்கும், அப்புறம் வரும். பக்கத்தில் மருதாணியோ செம்பருத்தியோ புதராக இருந்தால் சீக்கிரமே வரும். அந்த விஷயத்தில் ஃபீடரைக் குறை சொல்ல முடியாது.

குறை எல்லாம் அடியில் இருக்கிறது. கீழ்வரிசை வாய்க்கும் குழாயின் அடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அங்கே இறங்கிய தானியம் மேலே வரவே வராது, குருவியின் அலகும் அங்கே எட்டாது. மேலே புதிது புதிதாகக் கொட்டுகிறோம், அது தின்று தீர்கிறது, அடியில் மட்டும் முதல் நாள் போட்ட கம்பு அப்படியே கிடக்கிறது. வெயில் காலத்தில் வண்டு வைக்கும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையில் சாரல் வாய் வழியாக உள்ளே இறங்கும். இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வரும், தானியம் கட்டியாக இறுகும், அதன்மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படரும். பறவைகளுக்குப் பூஞ்சை சாதாரண விஷயமில்லை. அஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சின்னக் குருவி பிழைப்பது கஷ்டம்.

தண்ணீர் வடியத் துளை இல்லையா என்றால், இருக்கிறது. குண்டூசி நுழையும் அளவில் நாலு. ஒரு தினை உட்கார்ந்தால் துளை அடைபட்டுவிடும். சூரியகாந்தி விதை போடும் ஊருக்காக வரைந்த அச்சை அப்படியே இங்கே வார்த்து விற்கிறார்கள். அடியில் ஒரு கூம்பு வைத்திருந்தால் தானியம் தானாக வாய்ப்பக்கம் சரிந்திருக்கும். அதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

நாமே வைத்துக்கொள்ளலாம். அடித்தட்டைத் திருகிக் கழற்றுங்கள். தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை, தோளோடு சேர்த்து, குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக வெட்டி, மூடியோடு கழுத்து மேலே பார்க்க உள்ளே நிறுத்துங்கள். தோளின் சரிவு கீழ்வாயின் விளிம்போடு முடிய வேண்டும். உயரம் போதாவிட்டால் அடியில் கூழாங்கல் போட்டு ஏற்றலாம். கல்லின் கனத்தில் ஃபீடர் காற்றில் ஆடுவதும் குறையும். பிறகு அடித்தட்டில் 3 மி.மீ. துரப்பண முனையால் ஆறேழு துளை போட்டு, கொசுவலையை வட்டமாக வெட்டி உள்பக்கம் வைத்தால் துளை அடைக்காது. மூடிக்கு மேலே, கம்பியில் கோத்து, ஓரடி அகலத்துக்கு ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவிட்டால் சாரலில் பாதி நின்றுவிடும். கூட வரும் மூடியின் விளிம்பு குழாயைவிட ஒரு விரல் அளவுகூட வெளியே நீளவில்லை.

இதெல்லாம் செய்தாலும் முழுக்க நிரப்பாதீர்கள். ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் தீரும் அளவு போதும். ஒரு சிறு கூட்டத்துக்கு 100 கிராம் தாராளம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பால் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரத்தோடு தானியம் கொட்டினால் கழுவியதே வீண். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பறக்காமல் குந்தியிருக்கும் குருவி கண்ணில் பட்டால் ஃபீடரை இரண்டு வாரம் கழற்றி வைத்துவிடுங்கள்.

தீனி விஷயத்தில் கடைக்காரர் கட்டும் "மிக்ஸ்" பாக்கெட் வேண்டாம். அது கூண்டுக்கிளிக்கான கலவை. கோதுமை, குசும்பா விதை, சூரியகாந்தி எல்லாம் இருக்கும். சிட்டுக்குருவி அலகால் விலக்கி விலக்கிக் கம்பைத் தேடும், மிச்சம் தரைக்குப் போகும், தரைக்கு எலி வரும். மளிகைக் கடைக் கம்பும் தினையும் பாதிக்குப் பாதி, கூடவே ஒரு கை நொய்யரிசி. தினையைத் தோலோடு வாங்க வேண்டும். சமையலுக்குத் தீட்டிய தினை சீக்கிரம் கெட்டுப்போகும், சில்லை என்னும் சின்னத் தானியக் குருவிகளுக்கும் தோலோடு இருப்பதுதான் பிடிக்கும். ஒரு சிக்கல் உண்டு: வாய் பெரிதாக இருப்பதால் காற்று அடித்தால் தினை பொலபொலவென்று கொட்டும். வாயின் கீழ்ப்பாதியை இன்சுலேஷன் டேப்பால் மறைத்தால் நிற்கும். வேர்க்கடலை போட்டால் வறுக்காதது, உப்பில்லாதது, நாம் சாப்பிடும் தரத்தில் இருக்க வேண்டும். சொத்தைக் கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு இருக்கலாம். மிக்சர், பிஸ்கட், பிரெட் கூடவே கூடாது.

அடுத்த தலைவலி மாடப்புறா. குச்சியில் உட்கார முடியாவிட்டாலும் கீழ்த்தட்டில் சிறகடித்துத் தொங்கி, ஒரே உலுக்கலில் பாதித் தானியத்தைக் கொட்டிவிடும். நாலு புறா பழகினால் நாற்பது வரும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் வரும். எச்சத்தூசியால் நுரையீரல் நோய் வருகிறது என்ற புகாரில்தான் 2025இல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஆகவே குழாயைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ்ஷில் ஒரு கூண்டு கட்டுங்கள். குழாய்க்கும் மெஷ்ஷுக்கும் நாலைந்து அங்குலம் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் கழுத்தை நீட்டும். சிட்டுக்குருவியும் சில்லையும் கண்ணுக்குள் நுழையும், புறாவும் மைனாவும் வெளியே நிற்கும். அணில்? நுழையும். அணிலைத் தடுக்க ஒன்றும் செய்ய முடியாது, அதுவும் சாப்பிட்டுப் போகட்டும். ஆனால் பிளாஸ்டிக் வாயின் விளிம்பைக் கொறித்துப் பெரிதாக்கிவிடும், அதனால் உலோக வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

தொங்கவிடும் இடம் ஜன்னல் கண்ணாடிக்கு மூன்றடிக்குள் இருக்க வேண்டும், அல்லது முப்பதடிக்கு அப்பால். நடுவில் மாட்டினால் மிரண்டு பறக்கும் குருவி முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும்.

கொண்டைக்குருவிக்கும் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் இந்தக் குழாய் உதவாது. ஒரு ஆணியில் பப்பாளித் துண்டோ வாழைப்பழமோ குத்தி வையுங்கள், சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் எறும்புதான் வரும், செம்பருத்தி நடுங்கள். இந்தக் குழாய்க்கு வராத தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் வேண்டுமென்றால் அகலமான மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் தண்ணீர். கொசு பெருகாமல் இருக்கத் தினமும் மாற்ற வேண்டும்.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். புள்ளிச் சில்லை தினையை உரிப்பதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க இந்தக் குழாயைப் போல வசதி வேறில்லை. தானியத்தை அலகின் ஓரத்துக்குத் தள்ளி, பக்கவாட்டில் அரைத்து, பருப்பை விழுங்கி, உமியை மட்டும் நழுவவிடும். அந்த உமி கீழ்த்தட்டில் நிறைந்து, தீனி இருப்பது போலவே தெரியும். ஊதிப் பார்த்தால்தான் தட்டு காலி என்பது புரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். தை அறுவடையின்போது கிடைக்கும் நெற்கதிர்க் கொத்து ஒன்றை, தடிமனாகக் கட்டி, இரண்டு நாள் காயவைத்து, தாழ்வாரத்தில் மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள். சிட்டுக்குருவி கதிரிலேயே தொற்றிக்கொண்டு கொத்தும், புறாவுக்கு நிற்க இடமில்லை, கழுவ ஒன்றுமில்லை, அடியில் எதுவும் தங்காது. நனைந்தால் மட்டும் உள்ளே எடுத்துவிட வேண்டும், நெல் முளைத்துவிடும். அப்படியானால் குழாயைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்காதீர்கள். கூம்பு வைத்து, துளை போட்டு, கூண்டு கட்டி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சில்லைகள் பழகிவிட்டன, என்ன செய்வது.